ஓய்வுக்குப் பின் வரும் பணம்: எதற்கு வரி, எதற்கு இல்லை?

கேள்வி: கோவையில் பம்புசெட் தயாரிக்கும் தனியார் நிறுவனம் ஒன்றில் 32 ஆண்டுகள் வேலை பார்த்து, 2025 மார்ச் 31 அன்று 60 வயதில் ஓய்வு பெற்றேன். ஏப்ரலில் பணிக்கொடை 12 லட்சமும், எடுக்காத விடுப்புக்காக 4 லட்சமும் வந்தன. பி.எஃப். 38 லட்சத்தை இன்னும் எடுக்கவில்லை. ‘அங்கேயே இருக்கட்டும், வட்டிக்கு வரி கிடையாது’ என்கிறார்கள் உடன் வேலை பார்த்தவர்கள். பி.எஃப். பென்ஷன் மாதம் 4,500 ரூபாய். என் பெயரில் வங்கி டெபாசிட் 24 லட்சம் இருக்கிறது. வீட்டு மாடியிலிருந்து வாடகை 14,000 வருகிறது. 2018-இல் ஒரே தடவையாக 6 லட்சம் போட்ட பங்குச் சந்தை மியூச்சுவல் ஃபண்ட் இப்போது 14 லட்சம் ஆகியிருக்கிறது. மொத்தமாக விற்று வங்கியில் போட்டுவிட நினைக்கிறேன். என் தம்பி சொன்னபடி 15 லட்சத்தை மனைவி பெயரில் ஓராண்டு டெபாசிட் போட்டு, வட்டியில் வரி பிடிக்க வேண்டாம் என்று வங்கிக்குக் கொடுக்கும் 15ஜி படிவமும் கொடுத்துவிட்டோம். அவருக்கு வயது 57, வேறு வருமானம் இல்லை. என் டெபாசிட் வட்டியில் வங்கி 10 சதவீதம் வரி பிடித்துவிட்டது. அத்துடன் என் வரி முடிந்ததா? 12 லட்சம் வரை வரியே இல்லை என்கிறார்களே, நான் எதற்காவது கவலைப்பட வேண்டுமா? 82 வயதான என் அம்மாவுக்கு, அரசுப் பள்ளி ஆசிரியராக இருந்த அப்பாவின் குடும்ப ஓய்வூதியம் மாதம் 28,000 வருகிறது. 9 லட்சம் டெபாசிட்டும் உண்டு. அதில் என் பெயர் இரண்டாவதாக இருக்கிறது. அவர் வரி கட்ட வேண்டுமா?

– ஒரு வாசகர், கோவை

பதில்: அன்புள்ள ஐயா, நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். 2025-26 நிதியாண்டுக்கு நீங்கள் கட்ட வேண்டிய வரி பூஜ்யம். வங்கி பிடித்த பணமும் திரும்பக் கிடைக்கும். ஆனால் மியூச்சுவல் ஃபண்டை நீங்கள் நினைப்பதுபோல் மொத்தமாக விற்றால், இதே ஆண்டில் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் வரி கட்ட நேரிடும். கடிதம் எழுதிவிட்டு விற்காமல் காத்திருந்தீர்களே, அது நல்லதாயிற்று.

வேலையில் இருந்தபோது உங்களுக்கு ஒரே வருமானம், ஒரே சம்பளச் சீட்டு. வரியை அலுவலகமே கணக்கிட்டுப் பிடித்தது. இப்போது பணம் ஏழெட்டு வழிகளில் வருகிறது. வழிக்கு ஒரு விதி இருக்கிறது. ‘ஓய்வு பெற்றவர்’ என்பதற்காக வருமான வரிச் சட்டம் எந்தப் பணத்தையும் விட்டுவிடுவதில்லை. அந்தப் பணம் எந்தத் தலைப்பின்கீழ் வருகிறது என்பதைத்தான் பார்க்கிறது. ஒருவர் அனுபவத்தை அப்படியே இன்னொருவருக்குப் பொருத்த முடியாததும் இதனால்தான். அரசு ஊழியர் ஓய்வு பெறும்போது வாங்கும் பணிக்கொடைக்கும் விடுப்புப் பணத்துக்கும் உச்சவரம்பே இல்லாமல் முழு விலக்கு உண்டு. தனியார் நிறுவனத்தில் இருந்தவருக்கு வரம்புகள் உண்டு. அரசுப் பணியில் இருந்த நண்பர் சொல்வதை வைத்து நீங்கள் முடிவெடுக்கக் கூடாது.

உங்கள் விஷயத்தில் அந்த இரண்டு தொகைகளும் வரம்புக்குள்தான் இருக்கின்றன. கடைசியாக நீங்கள் வாங்கிய அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்து 65,000 ரூபாய் என்று நீங்கள் இணைத்திருக்கும் சம்பளச் சீட்டு காட்டுகிறது. அதை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினால் 37,500. 32 ஆண்டுகளுக்கு 12 லட்சம். நீங்கள் வாங்கியதும் அதே தொகை. 20 லட்சம் என்ற உச்சவரம்புக்கும் கீழே. எனவே பணிக்கொடைக்கு வரி இல்லை. விடுப்புப் பணத்துக்குத் தனியார் ஊழியர்களின் உச்சவரம்பு 2023 ஏப்ரல் முதல் 25 லட்சம். பத்து மாதச் சராசரிச் சம்பளத்தைத் தாண்டக் கூடாது என்ற உள்வரம்பும் உண்டு. உங்களுக்கு அது ஆறரை லட்சம், வாங்கியது நான்குதான். ஆக 16 லட்சமும் முழுமையாக உங்களுடையது. நிறுவனத்திடம் படிவம் 16 (சம்பளத்தையும் பிடித்த வரியையும் காட்டும் சான்று) வாங்கி, இந்த இரண்டும் விலக்குப் பெற்ற தொகைகளாகக் காட்டப்பட்டிருக்கின்றனவா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பி.எஃப். பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இதில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். ஐந்தாண்டுகளுக்குமேல் தொடர்ந்து வேலை பார்த்தவர் எடுக்கும் பி.எஃப். தொகைக்கு வரி இல்லை என்பது உண்மை. அந்த விலக்கு, நீங்கள் வேலையை விட்ட நாளில் கணக்கில் இருந்த தொகைக்கு மட்டும். அதற்கடுத்த நாளிலிருந்து சேரும் வட்டி வரிக்கு உட்பட்டது. வங்கி வட்டியைப் போலவே ‘இதர வருமானம்’ என்ற தலைப்பில் வரும். ஓய்வுக்குப் பிறகும் பல ஆண்டுகள் பணத்தை பி.எஃப்.பிலேயே விட்டுவைத்திருந்த ஒருவரின் வழக்கில், 2017-இல் பெங்களூரு வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. 2024-25-க்கான பி.எஃப். வட்டி 8.25 சதவீதம். அதே விகிதத்தில் உங்கள் 38 லட்சத்துக்கு ஓராண்டு வட்டி 3,13,500 ரூபாய். இந்தத் தொகையை நீங்கள் வருமானத்தில் காட்டியே ஆக வேண்டும். இன்னொரு விஷயம்: 55 வயதுக்குமேல் ஓய்வு பெற்றவரின் கணக்குக்கு மூன்றாண்டுகளுக்குப் பிறகு வட்டியே நின்றுபோகும். வரிச் சலுகையும் இல்லை, நிரந்தர வட்டியும் இல்லை என்றான பிறகு அங்கே விட்டுவைக்க என்ன காரணம் இருக்கிறது?

அதை எடுத்து, 30 லட்சத்தை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடுங்கள். ஒருவருக்கு அதுதான் உச்சவரம்பு. இப்போது வட்டி 8.2 சதவீதம், போடும் நாளில் உள்ள விகிதம் ஐந்தாண்டுகளுக்கு மாறாது. ஆண்டுக்கு 2,46,000 ரூபாய் வரும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 கைக்குக் கிடைக்கும். இந்த வட்டிக்கும் வரி உண்டு. பலர் நினைப்பதுபோல் இது வரியில்லா வருமானம் அல்ல. பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு, போடும் தொகையில் ஒன்றரை லட்சம் வரை, சேமிப்புகளுக்கான 80சி பிரிவின் கழிவு கிடைக்கும், அவ்வளவுதான். கணவன், மனைவி இருவர் பெயரிலும் இந்தக் கணக்கைத் தொடங்கலாம். இரண்டாவது பெயருக்குரிய மனைவிக்கு 60 வயது ஆகியிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அப்படியே தொடங்குங்கள்.

பி.எஃப். பென்ஷன் ஆண்டுக்கு 54,000. இது ‘சம்பளம்’ என்ற தலைப்பில் வரும். புதிய வரி முறையில் இதற்கு 75,000 ரூபாய் வரை நிலையான கழிவு உண்டு. எனவே உங்கள் பென்ஷனுக்கு வரி இல்லை. மீதியிருக்கும் 21,000 ரூபாய்க் கழிவை வட்டியிலிருந்து கழித்துக்கொள்ளலாமா என்று சிலர் கேட்பார்கள், முடியாது. அந்தக் கழிவு பென்ஷன் அளவோடு நின்றுவிடும். காப்பீட்டு முகவர் யாராவது வந்து, மொத்தப் பணத்தையும் போட்டு ஆயுள் முழுதும் மாதாமாதம் வாங்கும் திட்டத்தைச் சொன்னால் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நீங்களே வாங்கும் அந்தத் திட்டத்துக்கு ‘பென்ஷன்’ என்று பெயர் இருந்தாலும், நிலையான கழிவு கிடையாது. மாதம் வரும் தொகை முழுவதும் வருமானமாகவே கருதப்படும். டெபாசிட்டில் வட்டிக்கு மட்டுமே வரி என்பதை இதோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

வாடகைக் கணக்கு எளிது. ஆண்டு வாடகை 1,68,000. மாடிக்கு உரிய சொத்து வரியாக நீங்கள் கட்டியது ஏறக்குறைய 8,000 என்று வைத்துக்கொண்டால் மீதி 1,60,000. அதில் பராமரிப்புக்கென 30 சதவீதம், அதாவது 48,000, எந்த ரசீதும் கேட்காமல் கழிக்கப்படும். வரிக்கு உட்படுவது 1,12,000. சொத்து வரியைக் கட்டினால்தான் கழிக்க முடியும். பாக்கி வைத்திருந்தால் கழிவில்லை.

இனி உங்கள் மனைவி பெயரில் உள்ள 15 லட்சம். உங்கள் தம்பி நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஊரில் பாதிப் பேர் செய்வதும் இதுதான். ஆனால் கணவன் மனைவிக்குக் கொடுக்கும் பணத்திலிருந்து வரும் வட்டி கணவனின் வருமானத்தோடு சேர்க்கப்படும் என்று வருமான வரிச் சட்டத்தின் 64-ஆம் பிரிவு சொல்கிறது. பணத்தைக் கொடுப்பதில் தவறில்லை. அதற்கு வரியும் இல்லை. அதன் வட்டி மட்டும் உங்கள் கணக்குக்குத் திரும்பிவிடும். 7 சதவீதம் என்று வைத்தால் 1,05,000 ரூபாய். (அந்த வட்டியை அவர் மீண்டும் முதலீடு செய்து அதிலிருந்து வரும் வருமானம் அவருடையது. அவருடைய தாய்வீட்டார் கொடுத்த பணம், அவர் நகையை விற்ற பணம் இவையும் அவருடையவையே.) வளர்ந்த பிள்ளைகளுக்குக் கொடுக்கும் பணத்துக்கு இந்தச் சேர்ப்பு விதி பொருந்தாது.

இதைவிட எனக்கு அதிகக் கவலை தருவது அவர் கையெழுத்திட்ட 15ஜி படிவம். ‘இந்த வருமானம் 60 முதல் 64 வரையிலான பிரிவுகளின்கீழ் வேறொருவர் வருமானத்தில் சேர்க்கத் தக்கது அல்ல’ என்ற உறுதிமொழி அதிலேயே அச்சிடப்பட்டிருக்கிறது. வங்கி கவுன்டரில் நீட்டிய படிவத்தில், படித்துப் பார்க்காமல் உங்கள் மனைவி அந்த உறுதிமொழியைக் கொடுத்திருக்கிறார். வரியை மிச்சப்படுத்தும் ஆசையில், ஒன்றுமறியாத அவரைத் தவறான அறிவிப்புக்குப் பொறுப்பாக்கிவிட்டோமே என்பதை நீங்கள் யோசிக்க வேண்டும். பயப்படத் தேவையில்லை. படிவத்தை விலக்கிக்கொள்வதாக வங்கிக்கு எழுதிக் கொடுங்கள். அந்த வட்டியை உங்கள் ரிட்டர்னில் காட்டிவிடுங்கள். அதைச் சேர்த்தும் உங்கள் வரி பூஜ்யம்தான் என்பதால், உண்மையைச் சொல்வதால் உங்களுக்கு ஒரு ரூபாய்கூட நஷ்டம் இல்லை.

அதற்காக அந்தப் பணத்தை அவர் கைக்கு எட்டாமல் ஆக்கிவிடாதீர்கள். மனைவிக்குத் தன் கையாலேயே எடுக்கக்கூடிய பணம் இருக்க வேண்டும் என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. டெபாசிட்டுகள் எல்லாம் கணவன் பெயரில் மட்டுமே இருக்க, அவர் திடீரென்று காலமானபின், மருத்துவமனைச் செலவைக் கட்டக்கூட முடியாமல் வாரிசுச் சான்றிதழுக்கு அலைந்த பெண்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். ஏப்ரலில் அந்த டெபாசிட் முதிரும்போது உங்கள் பெயரை முதலாவதாகவும் அவர் பெயரை இரண்டாவதாகவும் போட்டு, ‘இருவரில் எவரேனும் அல்லது பின்னர் உயிரோடிருப்பவர்’ என்ற நிபந்தனையுடன் புதுப்பியுங்கள். முதிர்வுக்கு முன்பே இருவரில் ஒருவர் எடுக்கலாம் என்ற ஒப்புதலையும் அப்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள். உங்கள் 24 லட்சத்துக்கும் இப்படியே செய்யுங்கள்.

இப்போது கூட்டிப் பார்ப்போம். உங்கள் டெபாசிட் வட்டி 1,68,000. மனைவி பெயரில் உள்ளதன் வட்டி 1,05,000. பி.எஃப். வட்டி 3,13,500. வாடகையில் 1,12,000. மொத்தம் 6,98,500 ரூபாய். புதிய வரி முறையில் முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. 4 முதல் 8 லட்சம் வரை 5 சதவீதம். அப்படிப் பார்த்தால் வரி 14,925. மொத்த வருமானம் 12 லட்சத்தைத் தாண்டாவிட்டால் 60,000 ரூபாய் வரை தள்ளுபடி கிடைக்கும் என்பதால் அது பூஜ்யமாகிறது.

கவனியுங்கள், 12 லட்சம் வரை ‘வரியே இல்லை’ என்று பேச்சுவழக்கில் சொல்கிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. வரி போடப்படுகிறது, பிறகு தள்ளுபடி ஆகிறது. வருமானம் 4 லட்சத்தைத் தாண்டியதால் நீங்கள் ரிட்டர்ன் தாக்கல் செய்தே ஆக வேண்டும். மேலும், அந்தத் தள்ளுபடி பங்கு முதலீட்டின் ஆதாயத்துக்கான தனி வரிக்குப் பொருந்தாது. உங்கள் மியூச்சுவல் ஃபண்ட் விஷயம் சிக்கலாவது இங்கேதான்.

14 லட்சத்தில் ஆதாயம் 8 லட்சம். ஓராண்டுக்குமேல் வைத்திருந்ததால் இது நீண்டகால ஆதாயம். ஓர் ஆண்டில் 1.25 லட்சம் வரை வரி இல்லை, அதற்குமேல் 12.5 சதவீதம். மொத்தமாக விற்றால் 6.75 லட்சத்துக்கு 84,375 ரூபாய் வரி. அதோடு முடிவதில்லை. 8 லட்சம் ஆதாயமும் உங்கள் மொத்த வருமானத்தில் சேர்வதால், அது 14,98,500 ஆகி 12 லட்சத்தைத் தாண்டிவிடும். உடனே தள்ளுபடி முழுவதும் பறிபோகும். பூஜ்யமாக இருந்த 14,925-உம் உயிர் பெற்றுவிடும். வரியின் மேல் போடப்படும் 4 சதவீத செஸ் சேர்த்து மொத்தம் 1,03,272 ரூபாய். பங்குச் சந்தை ஏற்ற இறக்கத்துக்குப் பயந்து பாதுகாப்புத் தேடும் நீங்கள், அதற்காக இவ்வளவு பெரிய தொகையை ஒரே நாளில் நிச்சயமாக இழப்பது எனக்குச் சம்மதமில்லை.

இதற்கு மாற்றாக, ஆண்டுக்கு 1.25 லட்சம் ஆதாயம் மட்டும் வரும்படி விற்றுக்கொண்டு வாருங்கள். நீங்கள் ஒரே தடவையில் வாங்கியதால் கணக்கிடுவது சுலபம். இன்றைய மதிப்பில் ஒவ்வொரு 14 ரூபாயிலும் 8 ரூபாய் ஆதாயம். எனவே ஏறக்குறைய 2.18 லட்சம் ரூபாய்க்கு விற்றால் வரம்புக்குள் இருப்பீர்கள். மார்ச் 31-க்குள் ஒருமுறை, ஏப்ரல் பிறந்ததும் ஒருமுறை விற்றால், சில நாள் இடைவெளியில் இரண்டு நிதியாண்டுகளின் வரம்பையும் பயன்படுத்திக்கொள்ளலாம். மார்ச் கடைசி நாள்வரை காத்திருக்காமல் கொஞ்சம் முன்னதாகவே விற்றுவிடுங்கள். மீதியைப் பற்றி அவசரம் வேண்டாம். உங்கள் சொத்தில் பெரும்பகுதி ஏற்கெனவே பாதுகாப்பான இடங்களில் இருக்கிறது. விலைவாசி ஏறிக்கொண்டே போகும் இருபது முப்பது ஆண்டுகளுக்கு இந்தப் பங்கு முதலீடு கொஞ்சமாவது இருப்பது நல்லது என்பது என் எண்ணம்.

பழைய வரி முறை உங்களுக்கு லாபமா என்றும் பார்த்தேன். மூத்த குடிமக்களுக்கு டெபாசிட் வட்டியில் 50,000 ரூபாய்க் கழிவு அதில் உண்டு. ஆனால் பென்ஷனுக்கான நிலையான கழிவு அங்கே 50,000 மட்டுமே என்பதால், பென்ஷனில் 4,000 ரூபாய் வரிக்கு உட்படும். 80சி-யில் ஒன்றரை லட்சம் போட்டாலும் வருமானம் 5,02,500 ஆகி, அந்த முறையின் தள்ளுபடி வரம்பான 5 லட்சத்தைத் தாண்டிவிடும். செஸ் சேர்த்து 10,920 ரூபாய் வரி வரும். புதிய முறையில் வரியே இல்லாதபோது, ஒன்றரை லட்சத்தை முடக்கி வரியும் கட்டுவானேன்? புதிய முறையிலேயே இருங்கள்.

வங்கி பிடித்த 10 சதவீதம், வரியின் ஒரு முன்பணம் மட்டுமே. அதோடு யாருடைய வரியும் முடிவதில்லை. 30 சதவீத வரம்பில் இருப்பவர் மீதி 20 சதவீதத்தைக் கட்ட வேண்டும். வரியே இல்லாத உங்களுக்கு 16,800 ரூபாயும் திரும்ப வரும். 2025 ஏப்ரல் முதல், மூத்த குடிமக்களுக்கு ஒரு வங்கியில் ஆண்டு வட்டி ஒரு லட்சத்தைத் தாண்டினால்தான் பிடித்தம். உங்களுடையது தாண்டியதால் பிடித்தார்கள். அடுத்த ஆண்டு இதைத் தவிர்க்க, ஏப்ரல் தொடக்கத்திலேயே 15எச் அறிவிப்பைக் கொடுங்கள். தள்ளுபடிக்குப் பிறகு வரி பூஜ்யமாக இருந்தால் 60 வயதானவர் அதைக் கொடுக்கலாம். மூத்த குடிமக்கள் சேமிப்புக் கணக்குக்கும் தனியாகக் கொடுக்க வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் புதிதாகக் கொடுக்க வேண்டும். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருவதால் பிரிவு எண்கள் மாறுகின்றன. பழைய படிவத்தை நகலெடுத்துக் கொடுக்காமல், வங்கியில் அப்போது நடப்பிலுள்ளதைக் கேட்டு வாங்குங்கள். முதிர்வில் மொத்தமாக வட்டி தரும் டெபாசிட் ஏதாவது இருந்தால், பணம் கைக்கு வராவிட்டாலும் அந்தந்த ஆண்டு வட்டியை அந்தந்த ஆண்டிலேயே காட்டிவிடுங்கள். வங்கியும் அப்படித்தான் வருமான வரித் துறைக்குத் தெரிவிக்கிறது.

அம்மாவின் கணக்கு. குடும்ப ஓய்வூதியம் சம்பளத் தலைப்பில் வராது, ‘இதர வருமானம்’. எனவே 75,000 கழிவு அவருக்கு இல்லை. மூன்றில் ஒரு பங்கு அல்லது 25,000, இவற்றில் எது குறைவோ அதைக் கழிக்கலாம். 3,36,000-இல் 25,000 போக 3,11,000; டெபாசிட் வட்டி 63,000 சேர்த்தால் 3,74,000. அடிப்படை விலக்கான 4 லட்சத்துக்குள் இருப்பதால் வரியும் இல்லை, ரிட்டர்னும் தேவையில்லை. அந்த டெபாசிட் அவர் பணம். உங்கள் பெயர் இரண்டாவதாக இருப்பதால் வட்டி உங்களுடையது ஆகிவிடாது. ஓய்வூதியம் உயர்ந்து, அல்லது நிலுவைத் தொகை வந்து, வருமானம் 4 லட்சத்தைத் தாண்டும் ஆண்டில் மட்டும் ரிட்டர்ன் போட வேண்டியிருக்கும்.

உங்கள் ரிட்டர்னை ஜூலை 31-க்குள் தாக்கல் செய்யுங்கள். அதற்குமுன் வருமான வரித் தளத்தில் உங்கள் ஆண்டுத் தகவல் அறிக்கையைப் பதிவிறக்கி, வட்டி, பி.எஃப்., ஃபண்ட் விற்பனை ஆகியவற்றை உங்கள் பாஸ்புத்தகங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பான் எண்ணோடு இணைந்த வங்கிக் கணக்கு சரிபார்க்கப்பட்டிருந்தால்தான் 16,800 ரூபாய் அதில் வந்து சேரும். தாக்கல் செய்தபின் 30 நாட்களுக்குள் ஆதார் ஓ.டி.பி. மூலம் ரிட்டர்னை உறுதிசெய்துவிடுங்கள். காலக்கெடுவுக்குள் உறுதிசெய்யாத ரிட்டர்னுக்குப் பணம் திரும்ப வராது.